கணினிச் செய்திகளும் என் அபிப்பிராயங்களும்

மலேசியாவில் சிரம்பானை அடுத்த தெமியாங்கில் என் வயதுக்காரர்கள் காலையில் பத்திரிகையைக் கையில் எடுத்தால், முதலில் கண்ணீர் அஞ்சலிப் பக்கத்தைப் புரட்டி, தெரிந்தவர்களில் யாரேனும் முந்திக்கொண்டார்களா என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிற்பாடுதான் மற்ற லோக விவகாரங்களுக்குத் திரும்புவார்கள். நான் ஒருவன் மட்டும் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய், எந்தக் கம்பெனி எந்தச் சில்லை வெளியிட்டது, எந்த மென்பொருளுக்கு ஆயுள் முடிந்தது, எந்தத் தலைமை நிர்வாகிக்குச் சீட்டுக் கிழிந்தது என்று தேடித் தேடிப் படித்து, படித்ததோடு நில்லாமல் அதைப் பற்றி ஊரெல்லாம் அபிப்பிராயமும் சொல்லித் திரிவதை, வைத்தியமில்லாத ஒரு வியாதியென்றே என் சம்சாரம் முடிவுகட்டிவிட்டாள். சர்க்கரைக்காவது அரசாங்க ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கிறார்கள், இதற்கு அதுவும் இல்லையே என்பது அவளுடைய ஆதங்கம்.

இவ்விஷயத்தில் வாய் திறக்க உமக்கு என்ன யோக்கியதை என்று கேட்கும் வாசகர்களுக்கு என் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிடுகிறேன். நெகிரி செம்பிலானில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணி உத்தியோகம் பார்த்து, விடியற்காலைப் பிரட்டில் நின்று ஆட்கணக்கு எடுத்து, மத்தியானம் ஸ்டோரில் பால் நிறுத்து, மாலையில் இவ்விரண்டையும் செக்ரோல் புத்தகத்தில் ஏற்றி, மாதக் கடைசியில் ஒரு காசும் பிசகாமல் சம்பளம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், கம்பெனியார் எங்கள் ஆபீசுக்கு ஒரு கணினியை அனுப்பிவைத்தார்கள். மனிதர்களாகிய நாங்கள் எல்லாரும் கடகடக்கும் ஒரு மின்விசிறியின் கீழே வியர்த்துக்கொண்டிருக்க, அந்த யந்திரத்திற்கென்று தனி அறையும், அறைக்குக் குளிர்சாதனமும், அதற்குப் போர்த்த ஓர் உறையும், உள்ளே நுழைகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழையவேண்டும் என்ற ஆசாரமும் ஏற்பட்டன. தோட்டத்து மாரியம்மனுக்குக்கூட அந்நாளில் மின்விசிறி கிடையாது. பெரிய துரைக்கு அடுத்தபடியாகக் குளிர்காற்றை அனுபவித்த ஜீவன் எங்கள் தோட்டத்தில் அது ஒன்றுதான் என்பதையும், அது போட்ட சம்பளக் கணக்கை ஒவ்வொரு மாதமும் நான் கையால் ஒருமுறை சரிபார்க்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்து யோசித்தால், கணினி வர்க்கத்தின்மீது எனக்கு ஏற்பட்ட சினேகமும் சந்தேகமும் ஒரே நாளில் பிறந்தவை என்பது விளங்கும்.

இப்போது உத்தியோகம் இல்லை. ஆகவே அபிப்பிராயங்கள் பெருகிவிட்டன. அவற்றை வெளியிடுவதற்கு வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஒட்டுக்கடை இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரும், செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக் களைத்த ஒருவரும், சிரம்பானில் ஹேண்ட்போன் பழுதுபார்க்கும் ஓர் இளைஞனும் அங்கே என் சபையோர். தலைமையாசிரியர் எதையும் ஆட்சேபிப்பார்; லோரிக்காரர் எதையும் ஆமோதிப்பார்; இளைஞன் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே எங்கள் மூவருக்கும் விஷயம் தெரியாது என்பதைப் புன்னகையால் உணர்த்துவான். ஒரு நல்ல சபைக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

இச்சபையில் அதிகநாள் அடிபட்ட செய்தி விண்டோஸ் 10-இன் மரணம். 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதியோடு அந்த மென்பொருளுக்குத் தன் ஆதரவு முடிந்தது என்று மைக்ரோசாப்ட் கம்பெனி பிரகடனம் செய்தது. 2015 ஜூலையில் பிறந்த அதற்கு அப்போது பத்து வயது. பிறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பு அதே கம்பெனியின் ஊழியர் ஒருவர் மாநாடு ஒன்றில் பேசுகையில், இதுவே விண்டோஸின் கடைசிப் பதிப்பு என்று சொல்லிவைத்தார். உலகமும் அதை நம்பி, இனிமேல் புதுப்பதிப்பு என்ற தொல்லை நமக்கில்லை என்று ஆசுவாசமாகப் பெருமூச்சுவிட்டது. ஆறு வருஷம் கழித்து, 2021 அக்டோபரில், விண்டோஸ் 11 வந்து சேர்ந்தது. வந்ததும் வராததுமாக, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத வீட்டில் நான் குடிபுகமாட்டேன், ஏறக்குறைய 2018-க்கு முந்திய செயலிகளோடு எனக்குச் சம்பந்தம் வேண்டாம் என்று நிபந்தனையும் போட்டது. இந்த நிபந்தனையால் 24 கோடிக் கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கனாலிஸ் என்னும் ஆய்வு நிறுவனம் 2023-லேயே கணக்குச் சொல்லியிருந்தது.

இவ்விடத்தில் தோட்டத்தில் பிறந்தவனுக்கு ரப்பர் மரத்தின் ஞாபகம் வராமல் போகாது. கன்று நட்டு ஆறேழு வருஷத்தில் அதை வெட்டுக்கு விடுவார்கள்; இருபத்தைந்து முப்பது வருஷம் பால் எடுப்பார்கள்; அதன் பின்பு, பட்டையெல்லாம் தீர்ந்து, ஏணி வைத்து உச்சிவரை சீவியும் கோப்பையில் பால் நிறையாத கட்டம் வந்தால்தான், அந்த மரத்தைச் சாய்த்து மறுநடவு செய்வது என்ற யோசனையே துரைமார்களுக்கு உதிக்கும். வெள்ளைக்கார துரைகளைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லவேண்டும் என்ற அவா எனக்குக் கிஞ்சித்தும் இல்லை. ஆயினும் பால் சுரந்துகொண்டிருக்கும் மரத்தைப் பார்த்து, உனக்குக் காலம் முடிந்தது, காரணம் அடுத்த நிரையில் நட்டிருக்கும் ஜாதி உனக்கு ஒத்துவராது என்று சொல்லி வேரோடு பிடுங்கிய துரையை நான் கண்டதில்லை. கணக்குத் தெரிந்தவன் அப்படிச் செய்யமாட்டான். கணக்கு வேறொருவருடைய லாபத்துக்காக எழுதப்படும்போது மட்டுமே அப்படிச் செய்ய முடியும்.

தலைமையாசிரியர் ஆட்சேபித்தார். “பாதுகாப்புக்குத்தானே சொல்றாங்க, கிராணி ஐயா? வைரஸ் வந்து உங்க பேங்க் காசைத் தூக்கிட்டுப் போனா யார் பொறுப்பு?” நியாயமான கேள்விதான். திருத்தம் போடாத மென்பொருளை இணையத்தில் உலவவிடுவது ஆபத்து என்பதை நான் மறுப்பவனல்லன். ஆனால் அந்தத் திருத்தங்கள் எழுதப்படாமல் நின்றுவிட்டனவா என்று பார்க்கவேண்டும். நிற்கவில்லை. பணம் கட்டுகிற வர்த்தக நிறுவனங்களுக்கு மூன்று வருஷம்வரை அவை தொடர்ந்து கிடைக்கும். நம்மைப் போன்ற சாமானியர்களுக்கு ஒரே ஒரு வருஷம். அதற்கு 30 டாலர். இல்லாவிட்டால் உன் கணினியின் அமைப்புகளை எங்கள் கிடங்கில் நகலெடுத்து வைக்க இசைந்துவிடு. அல்லது எங்கள் தேடுபொறி முதலானவற்றை உபயோகித்துச் சேர்த்த வெகுமதிப் புள்ளிகளில் ஆயிரம் கொடு என்றார்கள். ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்து ஜனங்கள் மட்டும், அங்கே நுகர்வோர் சங்கத்தார் கிளர்ந்தெழுந்த காரணத்தால், அந்த ஒரு வருஷத்தை நகலெடுக்கும் நிபந்தனையில்லாமல் இலவசமாகவே பெற்றார்கள். ஆகவே மருந்து தீர்ந்துவிடவில்லை. அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. சாவி யார் கையில் என்பதே கேள்வி. “அப்படிப் போடுங்க!” என்றார் லோரிக்காரர். அவர் கைப்பேசியைத் தவிர வேறு கணினியைத் தொட்டதில்லை என்பதால் அந்த ஆமோதிப்பு முற்றிலும் சுயநலமற்றது.

பழைய பெட்டியைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதுசு வாங்கலாமென்று புறப்படுகிறவனை எதிர்கொள்வது அடுத்த செய்தி. 2025-இன் பிற்பகுதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை ஏறிய வேகத்தைப் பார்த்தவர்களுக்குத் தங்கத்தின்மீது இருந்த கோபம் தணிந்துவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்கென்று உலகமெங்கும் எழும்புகிற தரவு மையங்கள் நினைவகத்தை அண்டா அண்டாவாகக் குடிக்கின்றன, சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று கம்பெனிகளே இந்த வர்த்தகத்தில் பெரும்பங்கைக் கையில் வைத்திருக்கின்றன. எங்கே லாபம் அதிகமோ அங்கே சரக்கு போகிறது. 2025 டிசம்பரில் மைக்ரான் ஒருபடி மேலே போய், சாதாரண ஜனங்கள் கடையில் வாங்கி மாட்டிக்கொள்ளும்படி ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக விற்றுவந்த குரூஷல் என்னும் தன் வர்த்தகப் பெயரையே மூடிவிடப் போவதாக அறிவித்துவிட்டது. சில்லறை வாடிக்கையாளர் என்ற ஜாதியாருக்கு இனி அந்தக் கடையில் இடமில்லை என்று பொருள்.

இதில் எனக்குள்ள விசேஷ வருத்தம் பூகோள சம்பந்தமானது. அந்த மைக்ரான் கம்பெனிக்கு மூவாரில் ஒரு தொழிற்சாலை இருக்கிறது. மூவார் என்பது எங்களுக்குத் தொலைதூரத் தேசமன்று. மலாக்காவைத் தாண்டினால் ஜொகூர் எல்லைக்குள் முதலில் வருகிற பெரிய பட்டணம். மீ பண்டோங்கும் ஓத்தாக் ஓத்தாக்கும் சாப்பிடுவதற்கென்றே இங்கிருந்து காரெடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அந்த மூவாருக்கு உலக சரித்திரத்தில் இருக்கிற ஸ்தானத்தை அங்கே மீ சாப்பிடுகிறவர்களே அறிவதில்லை. 2021-இல் கோவிட் தொற்றினால் மூவாரிலுள்ள எஸ்.டி. மைக்ரோ எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை தடைப்பட்டபோது, பூமியின் மறுபக்கத்தில் கார் கம்பெனிகள் சில்லுக்குத் தவித்தன. இன்டெல் கம்பெனி தள்ளாடியபோது அதைத் தூக்கி நிறுத்தும்படி 2025 மார்ச்சில் தலைமை நிர்வாகியாக்கப்பட்ட லிப்-பு டான் பிறந்த ஊரும் மூவார்தான். அவர் பதவியேற்று ஐந்து மாதம் ஆவதற்குள் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப், இவர் உடனே ராஜினாமா செய்யவேண்டும் என்று பகிரங்கமாக எழுதினார். சில தினங்களில் இவரை வரவழைத்துப் பேசிப் புகழ்ந்தார். அந்த மாதம் முடிவதற்குள் அமெரிக்க அரசாங்கமே இன்டெல்லில் ஏறக்குறைய 10 சதவீதப் பங்கைப் பெற்றுக்கொண்டது. ராஜினாமா செய் என்று மிரட்டியவரையே பங்காளியாக்கிக்கொண்டு திரும்பி வந்த மனிதரை எனக்கு நேரில் தெரியாது. ஆனால் எங்கள் தோட்டத்து யூனியன் தலைவர்களில் ஒருவருக்கும் இந்தச் சாமர்த்தியம் இருந்ததில்லை என்று அடித்துச் சொல்லுவேன்.

இப்படிப்பட்ட ராஜதந்திரங்களை நான் வீட்டில் விஸ்தரிக்கும்போது என் சம்சாரம் காட்டுகிற அசிரத்தைக்கு ஒரு காரணமுண்டு. அவள் இந்தத் துறையில் என்னைக் காட்டிலும் மூத்த அநுபவசாலி. அந்தக் காலத்தில், இன்டெல் 1972-இல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையைப் பினாங்கில் திறந்த காலத்தையொட்டி, மற்ற கம்பெனிகளும் ஒவ்வொன்றாக மலேசியாவுக்கு வந்தன. செனவாங்கில் மோட்டோரோலா வந்தது. அந்தத் தொழிற்சாலைதான் 1999-இல் மோட்டோரோலாவைவிட்டுப் பிரிந்து, இப்போது ஆன்செமி என்ற பெயரில் நடந்துகொண்டிருக்கிறது. விடிவதற்குமுன் வாளியும் உளியும் எடுத்துக்கொண்டு அம்மாவோடு மரத்துக்குப் போயிருக்க வேண்டிய தோட்டத்துப் பெண்கள், அதே விடியற்காலையில் லயத்து முனையில் வந்து நிற்கும் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போனார்கள். என் சம்சாரமும் செனவாங்கில் ஒரு தொழிற்சாலைக்கு அப்படிப் போனவள். வட்டமான சிலிக்கன் தகட்டைச் சிறு சிறு சதுரங்களாக அறுத்து, ஒவ்வொரு சதுரத்தையும் உலோகச் சட்டத்தில் ஒட்டி, தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியால் அதன் முனைகளைக் காலோடு இணைத்து, கறுப்புப் பிசினால் மூடிச் சோதித்து அனுப்பும் வேலை அங்கே நடந்தது. அந்தத் தங்கக் கம்பியை இணைக்கும் வரிசையில், நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபடி, மூன்று ஷிப்டும் மாறி மாறி அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

“ஏங்க, அந்தச் சில்லு வேகமா ஓடுது, இந்தச் சில்லு வேகமா ஓடுதுன்னு தெனமும் படிக்கிறீங்களே, அதைக் கட்டினவளுக்குக் கண்ணு எப்படி இருக்குன்னு எந்தப் பேப்பர்லயாவது போட்டிருக்கானா?” என்று அவள் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். முப்பது வயதுக்குமுன் கண்ணாடி போட்டுக்கொண்டவள் அவள். உலகத்துச் சில்லுகளைச் சோதித்துப் பொதியும் வேலையில் மலேசியாவின் பங்கு 13 சதவீதம் என்று மந்திரிமார் மேடையில் சொல்லும்போதெல்லாம் கைதட்டுகிறோம். அந்தப் பதின்மூன்றில் ஒரு துளி என் வீட்டுச் சமையலறையில் இரண்டு கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு உளுந்தில் கல் பொறுக்குகிறது. 2025-இல் நம் அரசாங்கம் ஆர்ம் கம்பெனியோடு, பத்து வருஷத்தில் 25 கோடி டாலர் கொடுத்துச் சில்லு வடிவமைக்கும் வித்தையைப் பெற்றுக்கொள்வதென்று ஒப்பந்தம் செய்துகொண்டது. நல்ல காரியமே. ஐம்பது வருஷம் தைத்துக் கொடுத்தவர்கள் இனி வெட்டவும் கற்றுக்கொள்ளட்டும். இச்செய்தியை அவளிடம் வாசித்துக் காட்டினேன். “நல்லது, புள்ளைங்களாவது படம் வரையட்டும்” என்று சொல்லிவிட்டு உளுந்துக்குத் திரும்பினாள். என் அபிப்பிராயங்கள் எல்லாவற்றையும்விட அந்த ஒரு வாக்கியம் பத்திரிகையில் அச்சேறத் தகுதியுடையது.

அவள் சொல்லும் பழைய கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது பேய்க்கதை. எழுபதுகளிலும் அதற்குப் பின்னரும் இந்நாட்டு மின்னணுத் தொழிற்சாலைகளில், நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண் திடீரென்று அலறுவாள். அவளைப் பார்த்து அடுத்தவள் அலறுவாள். கொஞ்ச நேரத்தில் பிரிவு முழுவதும் ஓலம் கிளம்பி வேலை நின்றுபோகும். நிர்வாகிகள் கைகட்டி நிற்க, போமோ என்னும் மலாய் மந்திரவாதி வந்து புகை போட்டு, ஆடு பலியிட்டு ஆவியைச் சாந்தப்படுத்தியதெல்லாம் ஆராய்ச்சியாளர்கள் புத்தகத்தில் எழுதிவைத்த சங்கதி. இராத்திரி ஷிப்டும், சிறுநீர் கழிக்கப் போவதற்கும் அனுமதி கேட்கவேண்டிய கட்டுப்பாடுமே அந்தப் பேய்கள் என்று அதே ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். இக்காலத்தில் கம்பெனிகளுக்குக் கோளாறு வந்தால் ஆலோசகர்களை அழைக்கிறார்கள். அவர்கள் வந்து ஆட்குறைப்புச் செய்யச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். போமோ ஓர் ஆட்டோடு நிறுத்திக்கொண்டார் என்பதை நன்றியோடு நினைக்கவேண்டும்.

தொழில்நுட்பச் செய்தி எதுவானாலும் அது கடைசியில் ஏதோ ஒரு தோட்டத்தில் வந்து இறங்குகிறது என்பது நான் நெடுநாளாகக் கவனித்துவரும் விஷயம். 1996-இல் பிரதமர் மகாதீர் மல்டிமீடியா பெருவழித் திட்டத்தைத் தொடங்கினார், பில் கேட்ஸ் முதலான ஜாம்பவான்கள் அதன் சர்வதேச ஆலோசனைக் குழுவில் இடம்பெற்றார்கள், சைபர்ஜெயா எழும்பியது, பக்கத்திலேயே, காகிதமில்லாத மின் அரசாங்கத்துக்கு இருப்பிடமாகப் புத்ராஜெயா எழும்பியது. புத்ராஜெயா நிற்கும் மண் பெராங் புசார் தோட்டத்து மண். முதல் உலக யுத்தத்தில் போரிட்டுத் திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் திறந்த தோட்டம் அது. அங்கேதான் ரப்பரில் புதுப்புது ஒட்டுஜாதிகளைச் சோதித்து உருவாக்கினார்கள், பி.பி. 86, பி.பி. 260 என்ற ஜாதிகளின் தலையெழுத்துகள் அந்தத் தோட்டத்துப் பெயரின் தலையெழுத்துகளே. உலகத்தின் எந்த மூலையில் ரப்பர் நட்டவனும் ஒருகாலத்தில் அந்த எழுத்துகளை அறிந்திருந்தான். ஆகவே அங்கே உயர்தர விஞ்ஞானத்தைப் புதிதாகக் கொண்டுவந்து நிறுவினோம் என்று யாரேனும் பேசும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. விஞ்ஞானம் அங்கே ஏற்கெனவே இருந்தது; அதற்குப் பால் சுமந்தவர்கள் தமிழர்கள். அந்த வட்டாரத்து நான்கு தோட்டங்களிலிருந்து பெயர்த்து டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளில் குடிவைக்கப்பட்ட பாட்டாளிக் குடும்பங்கள், சுவரில் விரிசல் கண்டு, வாக்களித்த தரைவீட்டுக்காக வருஷக்கணக்கில் மனுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மனுக்கள் காகிதத்தில்தான் இருந்தன.

இப்போது தரவு மையங்களின் யுகம். ஜொகூரில் கூலாய் யங் தோட்டம் செம்பனைத் தோட்டமாக இருந்தது, அதை ஒய்.டி.எல். நிறுவனம் வாங்கித் தரவு மையப் பூங்காவாக்கியிருக்கிறது. கூகுள் தன் முதல் மலேசியத் தரவு மையத்துக்கு 2024-இல் தேர்ந்துகொண்ட இடம் சிலாங்கூரில் எல்மினா. அதுவும் நாங்கள் தோட்டமாக அறிந்த இடமே. போர்ட்டிக்சன் பக்கத்திலும் நிலம் கைமாறியிருக்கிறது என்ற செய்தி வந்ததும் லோரிக்காரருக்குக் கவலை பிடித்துக்கொண்டது. “அங்கே எத்தனை பேருக்கு வேலை கெடைக்கும்?” என்று கேட்டார். கட்டும்போது அநேகருக்கு, கட்டிய பின்பு அதிகமில்லை என்றேன். செம்பனைத் தோட்டத்துக்கு உரமும் மழையும் வேண்டும். தரவு மையத்துக்கு மின்சாரமும் தண்ணீரும் வேண்டும், அவையும் இடைவிடாமல் வேண்டும். அன்று எங்கள் ஆபீஸில் குளிர்காற்று வாங்கிக்கொண்டிருந்த அந்த ஒற்றைக் கணினியின் வம்சம் இன்று ஏக்கர் கணக்கில் குளிர்காற்று வாங்குகிறது என்று நினைக்கும்போது, ஆரம்பத்திலேயே அதன் இலட்சணத்தை அறிந்தவன் என்ற கர்வம் எனக்கு ஏற்படாமலில்லை.

அந்தக் குளிர்காற்றுக்குப் பிரதியாக அது என்ன தருகிறது என்று பார்க்க வேண்டாமா? ஒட்டுக்கடை இளைஞன் ஒருநாள் கருணை கூர்ந்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு ஒன்றைத் தன் கைப்பேசியில் திறந்து, எங்கள் ஊரைப் பற்றித் தமிழில் எழுதச் சொன்னான். கண்ணிமைக்கும் நேரத்தில் அது எழுதியது. தெமியாங்கின் வெண்மணற் கடற்கரையில் மாலை வேளையில் குடும்பத்தோடு உலாவுவது மனத்துக்கு இதமளிக்கும் என்றும், மீனவ மக்களின் விருந்தோம்பல் மறக்க முடியாதது என்றும் அது சொன்னதைக் கேட்டுச் சபை ஸ்தம்பித்தது. சிரம்பானுக்கும் மலைக்கும் நடுவில் இருக்கிற எங்களுக்குக் கடலைப் பார்க்கவேண்டுமானால் போர்ட்டிக்சனுக்குப் போகவேண்டும். தலைமையாசிரியருக்கோ அதைவிடப் பெரிய துக்கம்: அத்தனை பொய்யிலும் ஓர் ஒற்றுப்பிழை இல்லை. “நாற்பது வருஷம் பிள்ளைகளை அடிச்சுச் சொல்லிக்கொடுத்தேன், ஒருத்தனும் இப்படி எழுதலே” என்று கண் கலங்கினார்.

யந்திரம் தெரியாமல் சொல்லும் பொய்யைக்கூட நான் மன்னிப்பேன். தெரிந்து செய்கிற அக்கிரமத்தை மன்னிக்க முடியாது. என் வீட்டில் ஓர் அச்சுப்பொறி இருக்கிறது. அதை உண்டாக்கிய கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். கோயில் கமிட்டிக்குக் கறுப்பு எழுத்தில் ஒரு வரவுசெலவுக் கணக்கை அச்சிடும்படி அதற்குக் கட்டளையிட்டால், நீல மை தீர்ந்துவிட்டது, வாங்கி வந்து போட்டால் ஒழிய ஓர் எழுத்தும் அச்சிடேன் என்று சத்தியாக்கிரகம் செய்கிறது. நான் நீலம் கேட்கவில்லையே என்று வாதிட்டுப் பயனில்லை. மையின் விலையை விசாரித்தால், இன்னும் கொஞ்சம் போட்டால் புது அச்சுப்பொறியே கிடைக்கும் என்கிறான் கடைக்காரன். அன்றுமுதல் கோயில் கணக்கைக் கையால் எழுதுகிறேன். யந்திரம் கைவிட்டால் கையே துணை என்பதை உலகமும் ஒருநாள் கண்டது. 2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் தேதி கிரவுட்ஸ்டிரைக் கம்பெனி அனுப்பிய ஒரு பிழையான திருத்தத்தால் உலகத்தில் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையைக் காட்டி மயங்கி விழுந்தன. நமது கே.எல்.ஐ.ஏ. விமான நிலையத்திலும் ஏர் ஆசியா பிரயாணிகள் நீண்ட வரிசையில் காத்துக்கிடந்தார்கள். இந்தியாவில் சில விமான நிலையங்களில் ஊழியர்கள் பேனாவை எடுத்து, பிரயாணச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்து ஆட்களை ஏற்றியனுப்பினார்கள். அப்படி எழுதிய சீட்டொன்றின் படத்தைப் பத்திரிகையிலிருந்து கத்தரித்து வைத்திருக்கிறேன். கையெழுத்து சுமார்தான்; ஆனால் விமானம் பறந்தது.

இவ்வளவு கேட்டபின், மென்பொருள் என்று பிறந்ததில் உமக்குப் பிடித்தது ஒன்றுமே இல்லையா என்று வாசகர்கள் வினவக்கூடும். உண்டு. இந்த நாட்டவரான முத்து நெடுமாறன் 1985-இல் உருவாக்கிய முரசு மென்பொருள் அது. பின்னர் முரசு அஞ்சல் என்று விரிந்தது. அவருடைய செல்லினம் 2005-ஆம் ஆண்டுப் பொங்கலன்று கைத்தொலைபேசிக்கு வந்தது. அதற்கு முன்னெல்லாம் நான் ஓர் எழுத்துருவில் கடிதம் அடித்து அனுப்பினால், பெறுகிறவரிடம் அதே எழுத்துரு இல்லாத பட்சத்தில், அவருடைய திரையில் அது நாகலோகத்து லிபியாகக் காட்சியளிக்கும். சென்னையில் 1999-இல் கூடிய மாநாட்டின் பலனாகத் தமிழ் 99 என்ற விசைப்பலகை ஒழுங்கு வந்தது, 2001-இல் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடு கூடியது, யுனிகோடு பரவியது, நாகலோகம் மெல்ல விலகியது. அன்று பழகிய விசைகளில்தான் இன்றும் என் விரல் ஓடுகிறது. இடையில் எத்தனையோ கணினிகள் மாறிவிட்டன. யாரும் என்னிடம் வந்து, உன் விரலுக்கு ஆதரவு முடிந்தது என்று சொல்லவில்லை. மைக்ரோசாப்ட் கம்பெனியோ, விசைப்பலகையில் ஏறத்தாழ முப்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு புது விசையைச் சேர்க்கிறோம் என்று 2024-இல் பறையடித்து அறிவித்தது. செயற்கை நுண்ணறிவை அழைப்பதற்கான விசை அது. யார் கேட்டார்கள்? ஸ்ரீ, க்ஷ என்ற எழுத்துகளை எங்கே தேடுவதென்று இத்தனை காலம் தவித்தவனைக் கேட்டிருந்தால், அந்த இடத்தில் என்ன வைக்கலாம் என்று நல்ல யோசனை சொல்லியிருப்பான்.

என் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பத்து வயதான கணினி ஒன்று உங்கள் வீட்டில் இருந்து, விண்டோஸ் 10 பற்றிய மேற்படி பிரகடனத்தைக் கேட்டு அதைப் பழைய சாமான்காரனுக்கு நிறுத்துப் போடலாம் என்று எண்ணியிருந்தால், தயவுசெய்து ஒரு வாரம் பொறுங்கள். லினக்ஸ் என்று ஓர் இயங்குதளம் இருக்கிறது. அதற்கு விலை கிடையாது. அதில் பல வகைகள் பழைய கணினிகளிலும் திருப்தியாக ஓடும். அதில் தமிழும் அடிக்கலாம். அதைப் போட்டுக்கொடுக்கத் தெரிந்த பிள்ளைகள் சிரம்பானில் தாராளமாக இருக்கிறார்கள். எங்கள் ஒட்டுக்கடை இளைஞன் ஒரு கோப்பி ஓவுக்கும் இரண்டு ரொட்டி சானாய்க்கும் செய்து தருவான். உங்களுக்கு அது வேண்டாமென்றால் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் கேட்டுப் பாருங்கள். அச்சுப்பொறியை மட்டும் அவர்கள் தலையில் கட்டிவிடாதீர்கள்.